சாப்பிட்டபின் பத்து நிமிட நடை: விடாமல் செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

வைகைக்கரை (மதுரை)

அனைவருக்கும் வணக்கம். போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி, அதாவது சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி, 6.1 என்று வந்திருக்கிறது. மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. 6.5-ஐத் தொட்டால்தான் சர்க்கரை நோய் என்று பெயர், 5.7-இலிருந்து 6.4 வரை அதற்கு முந்தைய நிலை. இப்போது கவனித்தால் தள்ளிப்போடலாம், சிலருக்குத் திரும்பியும் போகும் என்றார். அப்பாவுக்குச் சர்க்கரை. சித்தப்பாவுக்கும் சர்க்கரை, அவருக்குக் கால் பெருவிரலை எடுக்க வேண்டி வந்தபோது மருத்துவமனையில் உடன் இருந்தவன் நான். அந்த 6.1 என்னைத் தூங்கவிடவில்லை.

நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் எழுந்திருப்பேன். ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் பத்தரை, பதினொன்று ஆகிவிடும். விடிகாலையில் எழுந்து ஒரு மணி நேரம் நடப்பது என் வேலைக்கு ஒத்துவராது. தை மாதம் புது ஷூ வாங்கி மாசி மாதம் பரணில் ஏற்றிய நண்பர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் ஆண்டு முழுக்கத் தாக்குப்பிடிக்கக்கூடிய சிறிய பழக்கம் ஒன்றைத் தேடினேன்.

தேடியதில் கிடைத்தது இது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர் 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 41 பேர். சில நாட்கள் தினமும் ஏதாவது ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். வேறு சில நாட்கள் மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடம் நடக்கச் சொன்னார்கள். மொத்த நேரம் ஒன்றுதான். ஆனால் சாப்பிட்டபின் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின் மட்டும் பார்த்தால் 22 சதவீதம். இரவில்தான் நாம் அதிகமாகச் சாப்பிடுகிறோம், சாப்பிட்டதும் உட்கார்ந்துவிடுகிறோம். அந்த நேரத்தில் நடந்தால் பலன் அதிகம் என்பது எனக்குப் புரிகிறது.

காரணமும் எளிமையானதுதான். தொடைத் தசையும் ஆடுதசையும் சுருங்கி விரியும்போது ரத்தத்திலுள்ள சர்க்கரையை இன்சுலினின் உதவி இல்லாமலேயே ஓரளவு உள்ளே இழுத்துக்கொள்கின்றன. என்னைப் போன்றவர்களுக்கு இன்சுலின் சுரக்கிறது, ஆனால் சரியாக வேலை செய்வதில்லை. ஆகவே இது நேரடியாகப் பயன்படும் வழி.

என் கேள்வி இதுதான். இப்படி ஒரு சிறிய பழக்கத்தைப் பல மாதங்கள், பல ஆண்டுகள் விடாமல் வைத்திருப்பவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எதைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தீர்கள்? உடற்பயிற்சிப் பட்டியல் வேண்டாம். நீங்கள் செய்வதைச் சொல்லுங்கள்.

கொங்குத்தறி (சோமனூர்)

நண்பரே, உங்கள் அக்கறை நல்லது. ஆனால் பத்து நிமிடம் என்பது மனதைத் தேற்றிக்கொள்ளும் அளவு மட்டுமே. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. அதற்கு மேல் வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. இந்த இரண்டாவது பாதியை நம் ஊரில் யாரும் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் நிற்கும் உடல்வாகு நம்மில் எத்தனை பேருக்கு? சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளும் இடம் தசை. அது இல்லாதவர் எவ்வளவு நடந்தாலும் ஓரளவுக்குத்தான் பலன். நான் வாரம் நான்கு நாள் எடை தூக்குகிறேன். கஷ்டப்படாமல் எதுவும் வராது என்பது என் அனுபவம்.

வைகைக்கரை

கொங்குத்தறி அண்ணா, கணக்கு என் தொழில் என்பதால் ஒன்று சொல்கிறேன். மூன்று வேளை, பத்துப் பத்து நிமிடம், ஏழு நாள்: 210 நிமிடம். நீங்கள் சொன்ன 150-ஐத் தாண்டிவிடுகிறது. ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்பு சொல்லிவந்தார்கள். 2020-இல் வந்த வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். தசையைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அதற்கும் சிறிய வழி இருந்தால் சொல்லுங்கள்.

கொங்குத்தறி

210 என்பது சரி. ஆனால் கடைவீதியில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தால் அது மிதமான உழைப்பில் சேராது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் வேண்டும்.

பழைய ஓட்டுநர் (விழுப்புரம்)

தம்பிகளுக்கு வணக்கம். அரசுப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பேச்சைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

1953-இல் லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். அந்த ஊர் மாடி பஸ்களில் ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டியில், ஒரே புகையில், ஏறத்தாழ ஒரே சம்பளத்தில் வேலை செய்கிறவர்கள். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கான படிகள். மாரடைப்பு நடத்துநர்களுக்குக் குறைவாகவே வந்தது. வந்தவர்களுக்கும் பெரும்பாலும் வயது கடந்து வந்தது, தாங்கும்படி வந்தது. ஓட்டுநர்களில் சின்ன வயதிலேயே திடீரென்று போனவர்கள் அதிகம். தபால் துறையிலும் பார்த்தார்கள்: கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் மேஜையில் உட்கார்ந்திருப்பவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறகு அதே குழுவினர் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தபோது, ஓட்டுநர்களின் இடுப்பளவு வேலைக்குச் சேரும்போதே பெரிதாக இருந்தது தெரிந்தது. ஆகவே முழுப் பெருமையும் படிக்கட்டுக்குப் போகாது. ஆனாலும் அதன் பிறகு எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பேர் பார்த்ததும் அதே திசையைத்தான் காட்டியது. மாரிஸ் ஐயா 99 வயதுவரை வாழ்ந்தார்.

இதை நான் படித்தது ஓய்வு பெற்ற பிறகு. ஆனால் எங்கள் டெப்போவில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓட்டுநர்களுக்கு முதுகு, முழங்கால், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் முதலில் வரும். என்னோடு வேலை பார்த்த மூத்த ஓட்டுநர் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு நிலையத்திலும் நேரக்காப்பாளர் கையெழுத்துக்கு நடத்துநரை அனுப்பாமல் தானே இறங்கிப் போவார். வரும்போது வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி டயரை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். சின்ன வேலைதான். பணி முடியும் நாள்வரை மற்றவர்கள் போல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்காமல் நிமிர்ந்து இறங்கினார். அவரைப் பார்த்து நானும் செய்தேன்.

தசைக்குச் சிறிய வழி கேட்டீர்கள். நாற்காலி போதும் தம்பி. கைப்பிடியைத் தொடாமல், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்று, மெதுவாக உட்கார வேண்டும். இறங்கும்போது பொத்தென்று விழாமல் தொடை தாங்க இறங்குவதுதான் முக்கியம். காலை காபி கொதிக்கும் நேரத்தில் நான் செய்வது இதுதான். வயதானவர்கள் பக்கத்தில் சுவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நாற்காலி வழுக்காத தரையில் இருக்கட்டும்.

கொங்குத்தறி

ஐயா, இது நல்ல பயிற்சி. ஜிம்மில் முதல் நாள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் ஏறத்தாழ இதேதான். சுவரில் கை ஊன்றித் தள்ளுவதையும் சேர்த்துக்கொண்டால் மேல் உடம்புக்கும் ஆகும். பழகப் பழக எண்ணிக்கையைக் கூட்டுங்கள். தொடங்கிய எண்ணிக்கையிலேயே நின்றுவிட்டால் தசை வளராது.

பொருநைச்செல்வி (பாளையங்கோட்டை)

எல்லாரும் நன்றாகச் சொல்கிறீர்கள். ஒரு கேள்வி மட்டும். இரவு சாப்பிட்டதும் நடக்கப் போகிறவர்களின் தட்டை யார் கழுவுகிறார்கள்?

கோபத்தில் கேட்கவில்லை, ஆதங்கத்தில் கேட்கிறேன். எங்கள் தெருவில் இரவு எட்டரைக்குப் பார்த்தால் ஆண்கள் நடந்துகொண்டிருப்பார்கள். அதே நேரத்தில் ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் விளக்கு எரியும். மாவு அரைத்து எடுக்க வேண்டும், பால் உறைக்கு ஊற்ற வேண்டும், மறுநாள் டிபன் பாக்ஸுக்குக் காய் நறுக்க வேண்டும். "நாள் முழுக்க வீட்டில் நடக்கிறாயே, உனக்கு எதற்குத் தனியாக நடை" என்ற பேச்சை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அடுப்பங்கரையில் நிற்பதற்கும் மூச்சு வாங்கும் வேகத்தில் நடப்பதற்கும் வித்தியாசம் உண்டு. நின்று நின்று குதிகால் வலிதான் மிச்சம்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு முறை வைத்திருக்கிறோம். சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவிக் கவிழ்ப்பது. குழம்புச் சட்டியும் குக்கரும் நடந்துவிட்டு வந்தபின். மகனும் மகளும் சாப்பிட்ட இடத்தைத் துடைப்பார்கள். பத்து நிமிடத்தில் சட்டி ஒன்றும் கெட்டுப்போகாது. நானும் என் கணவரும் மொட்டை மாடியில் நடக்கிறோம். தெருவில் நாய்த்தொல்லை, விளக்கும் சரியில்லை. மாடியில் அந்தப் பயம் கிடையாது. ஆரம்பத்தில் என் மாமியார் முகத்தைச் சுளித்தார்கள். இப்போது அவர்களும் மாடி வாசலில் நாற்காலி போட்டு, மேலே ஐயா சொன்ன எழுந்து உட்காரும் பயிற்சியைப் பிசியோதெரபி செய்கிறவர் சொல்லிக்கொடுத்தபடி செய்கிறார்கள்.

வைகைக்கரை தம்பி, வீட்டில் உங்கள் மனைவியும் உங்களோடு நடக்கிறாரா?

வைகைக்கரை

அக்கா, நான் யோசித்ததெல்லாம் என் எண்ணைப் பற்றித்தான். அவளுக்கு இன்னும் பரிசோதனையே எடுக்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் போகிறோம். தட்டு விஷயத்தை இன்றைக்கே வீட்டில் பேசுகிறேன்.

செவிலி (தஞ்சாவூர் மாவட்டம்)

கிராமச் சுகாதாரச் செவிலியராகப் பணி செய்து ஓய்வு பெற்றேன். நல்ல பேச்சு நடக்கிறது. ஆனால் இதைப் படிக்கும் எல்லாரும் வைகைக்கரைத் தம்பியின் நிலையில் இருக்க மாட்டார்கள். ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகச் சில வார்த்தைகள்.

இன்சுலின் போடுகிறவர்களும், கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் திடீரென்று நடையைக் கூட்டினால் சர்க்கரை மிகவும் கீழே இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்க்கும், படபடப்பு வரும், பேச்சு குழறும். 70-க்குக் கீழே போனால் அது அவசர நிலை. சட்டைப் பையில் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரைப் பொட்டலமோ எப்போதும் இருக்கட்டும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். இப்படி அடிக்கடி ஆனால் மாத்திரை அளவை மாற்றச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது.

அடுத்தது கால். நான் பணியில் இருந்தபோது மனதை மிகவும் வருத்தியது இதுதான். பல ஆண்டு சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிடும். வயல் வரப்பில் வெறுங்காலோடு நடப்பார்கள். கருவேல முள் ஏறி, அது சீழ் பிடித்து, நாற்றம் வந்த பிறகுதான் வீட்டில் உள்ளவர்களுக்கே தெரியும். வலித்திருந்தால் அன்றைக்கே வந்திருப்பார்கள். வலிக்காததுதான் ஆபத்து. ஆகவே நடையோடு இன்னொரு பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இரவு படுக்கும் முன் இரண்டு பாதங்களையும் பார்ப்பது. அடிப்பாதம், குதிகால், விரல் இடுக்கு. குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். கழுவினால் விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெயைப் பாதத்தில் தடவுங்கள், விரல் இடுக்கில் தடவாதீர்கள். செருப்பைப் போடும் முன் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே ஆணியோ கல்லோ இருக்கும், காலுக்குத் தெரியாது. உணர்ச்சி குறைந்தவர்கள் வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு போடுவது நல்லது. இவ்வளவும் செய்ய இரண்டு நிமிடம் ஆகாது. இந்த இரண்டு நிமிடத்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய கால்களை நான் பார்த்திருக்கிறேன்.

கொங்குத்தறித் தம்பிக்கும் ஒன்று. சின்ன மாற்றத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. சென்னையில் மருத்துவர் ஆ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரைச் சுமார் இரண்டரை ஆண்டு கவனித்தார்கள். தினம் அரை மணி நேர நடையும், அரிசி, எண்ணெய், இனிப்பில் கட்டுப்பாடும் என்று அறிவுரை பெற்ற குழுவில் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்த குழுவில் 26.4 சதவீதம். நடையும் உணவும் மாத்திரைக்குச் சமமாக வேலை செய்திருக்கின்றன.

இரவுப்பணி (ஓசூர்)

எனக்கு வேறு சிக்கல். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் நைட் ஷிப்ட். காலை ஆறு மணிக்கு என்று எதை வைத்தாலும் மூன்றாவது வாரம் உடைந்துவிடுகிறது. ஆறு மணிக்கு நான் தூங்கப் போகும் வாரமும் உண்டே. கடிகாரத்தை நம்பி எந்தப் பழக்கமும் எனக்கு நிற்கவில்லை. ஷிப்ட் வேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

தவிர, நைட் ஷிப்டில் தூக்கத்தை விரட்ட டீதான். மெஷின் டீ, கேட்டால் கேட்டபடி வரும். எல்லாவற்றிலும் சர்க்கரை.

வைகைக்கரை

தம்பி, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வு உங்களுக்குப் பயன்படும். 96 பேரிடம் ஆளுக்கு ஒரு சிறிய பழக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, தினமும் நடக்கிற ஏதோ ஒன்றோடு அதைக் கட்டச் சொன்னார்கள்: மதியச் சாப்பாட்டுக்குப் பின், காலைக் காபிக்குப் பின் என்று. பழக்கம் தானாக வரும் நிலையை எட்ட ஆன காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை போனது. நடுவில் விழுந்த எண் 66. இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்கிறார்களே, அதை நம்பி இருபத்திரண்டாம் நாள் வரவில்லையே என்று கைவிட வேண்டியதில்லை. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கம் சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி தாமதமாகப் படிந்தது. எனக்கு மிகவும் தெம்பு கொடுத்தது இன்னொன்று: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் வரவில்லை.

ஆகவே நீங்கள் நேரத்தோடு கட்டாமல் சாப்பாட்டோடு கட்டுங்கள். எந்த ஷிப்டாக இருந்தாலும் டிபன் பாக்ஸைத் திறப்பீர்கள், மூடுவீர்கள். மூடியதும் நடை.

இரவுப்பணி

இது என் மனதில் படவே இல்லை. கேன்டீனுக்கும் எங்கள் பிரிவுக்கும் இடையில் ஷெட்டைச் சுற்றி ஒரு பாதை இருக்கிறது. இடைவேளை முப்பது நிமிடம். பத்து நிமிடம் எடுக்கலாம்.

பழைய ஓட்டுநர்

தம்பி, டீக்கும் ஒரு வழி சொல்கிறேன். டீயை நிறுத்தச் சொன்னால் உங்களால் முடியாது, நைட் டூட்டி பார்த்த எனக்குத் தெரியும். இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்ட டீ ஐந்து குடித்தால் நாற்பது கிராமுக்குக் குறையாது. ஒரு நாளைக்கு எல்லா வழியிலும் சேர்க்கும் சர்க்கரை ஐம்பது கிராமைத் தாண்டக் கூடாது, இருபத்தைந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பிஸ்கட்டும் பண்டமும் அதற்கு மேல் இருக்கிறதே. கால் தேக்கரண்டி குறைத்து இரண்டு வாரம் குடியுங்கள். நாக்கு பழகியதும் இன்னொரு கால். ஒரேயடியாக நிறுத்தினால் கசக்கும், மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். மெஷின் டீயில் குறைக்க முடியாது என்றால் சர்க்கரை இல்லாத பொத்தானை அழுத்தி, நீங்களே அளந்து போட்டுக்கொள்ளுங்கள்.

ஷிப்ட் முடியும் நேரத்தில் டீ வேண்டாம். வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது. தூக்கம் கெட்டாலும் சர்க்கரை ஏறும்.

யாழ்நிலா (யாழ்ப்பாணம்)

வணக்கம். எங்கள் நாட்டில் 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறத்தில் காட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறது. கடைக்குப் போகும் பிள்ளைகூட நிறத்தைப் பார்த்து எடுக்கும். வாசிக்கத் தேவையில்லாத அறிவிப்பு என்பதால் எனக்கு அது பிடிக்கும். தேநீருக்கு அப்படி ஒன்றும் இல்லை. வெறும் தேநீரோடு பனங்கட்டியைக் கடித்துக் குடித்தால் சீனி சேராது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நினைக்கிறார்கள். பனங்கட்டியும் சர்க்கரைதான். அளவு குறைந்தால்தான் பயன்.

நான் கேட்க வந்தது வேறு. அப்பாவுக்கு ரத்த அழுத்தம். வீட்டில் கருவி வாங்கி வைத்திருக்கிறோம். ஒரு நாள் 150, அடுத்த நாள் 128, பிறகு 160 என்று வருகிறது. கருவி பிழையா?

செவிலி

பெரும்பாலும் பார்க்கும் முறையில்தான் பிழை இருக்கும் மகளே. நடந்துவிட்டு வந்ததும் பார்க்கக் கூடாது. டீ, காபி, புகை என்றால் அரை மணி நேரம் கழியட்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் அதுவே அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். போய்விட்டு வரச் சொல்லுங்கள். முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். கையை மேஜைமேல், நெஞ்சின் உயரத்தில் வையுங்கள். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாதீர்கள், தோலின் மேல் சுற்றுங்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டை போட்டால் அளவு கூடித்தான் வரும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன், மாலையில் உணவுக்கு முன் என்று ஒரு வாரம் எழுதிய தாளை மருத்துவரிடம் கொடுங்கள். ஒற்றை அளவைப் பார்த்து மாத்திரையைக் கூட்டவோ விடவோ வேண்டாம். 180-க்கு மேல் வந்து நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் ஏதாவது இருந்தால் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனை.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு: மாத்திரை வாங்கப் போக முடியவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். கொண்டுவரும் பெண் உங்கள் பக்கத்துத் தெருக்காரராகவே இருப்பார்; அவரிடம் சந்தேகம் கேளுங்கள்.

பொருநைச்செல்வி

யாழ்நிலா, அப்பாவுக்கு உப்பையும் கவனியுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பார்கள். சமையலில் யார் அளந்து போடுகிறோம்? அதனால் நான் பாக்கெட்டைக் கணக்குப் பார்த்தேன். நான்கு பேர் குடும்பத்துக்கு மாதம் 600 கிராம் போதும். ஒரு கிலோ பாக்கெட் ஒரு மாதத்தில் காலியானால் ஆளுக்கு எட்டுக் கிராமைத் தாண்டுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர் எல்லாம் இதற்கு வெளியே. பாக்கெட்டைப் பிரிக்கும் நாளை அதன்மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள், தனியாகக் கணக்கு வைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் முதலில் நிறுத்தியது சோறு வேகும்போது போடும் உப்பை. குழம்பில் இருக்கும்போது சோற்றுக்கு எதற்கு? யாரும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்தது மேஜைமேல் இருந்த உப்புக் கிண்ணம். மோருக்கு உப்பு இல்லாமல் கறிவேப்பிலை, இஞ்சி, பெருங்காயம். மாமியாருக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது, இப்போது பழகிவிட்டார்கள்.

செவிலி

நல்ல கணக்கு. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாறக் கூடாது.

கொங்குத்தறி

பத்து நிமிட நடையை நான் குறைத்துப் பேசியதாகச் சிலருக்குத் தோன்றலாம். என் கருத்து இப்போதும் இதுதான்: தொடங்குவதற்கு அது நல்ல அளவு, அங்கேயே நின்றுவிடக் கூடாது. ஆனால் பத்தாயிரம் அடி நடக்காவிட்டால் பயனில்லை என்று சொல்கிறவர்களோடு நானும் உடன்படவில்லை. அந்தப் பத்தாயிரம் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றிலிருந்து பரவிய எண். அமெரிக்காவில் சராசரி வயது 72 ஆன 16,741 பெண்களைக் கவனித்த ஆய்வு 2019-இல் வந்தது. நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் போனபோது கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் அம்மாவிடம் இதைச் சொன்னேன். பத்தாயிரம் என்றதும் நமக்கு ஆகாது என்று உட்கார்ந்திருந்தவர், இப்போது தறிக்கூடத்துக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நடந்தே வருகிறார்.

இரவுப்பணி

நேற்று இடைவேளையில் நடந்தேன். கூட வேலை செய்யும் இருவரும் வந்தார்கள். சாப்பிட்டதும் நடந்தால் வயிறு வலிக்கும் என்றார் ஒருவர். உண்மையா?

செவிலி

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வேகமாக நடந்தால் சிலருக்கு வயிறு பிடித்துக்கொள்ளும். சாப்பிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக. உணவுக்குப் பிந்தைய சர்க்கரை பெரும்பாலோருக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் உச்சிக்குப் போகும். அதற்கு முன்பே நடந்துவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி வந்து, நின்றால் குறைகிறது என்றால் அது வயிற்றுக் கோளாறு இல்லை. நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் பேசினேன். மாடியில் துணிக்கொடியைப் பாதிச் சுவர்ப்பக்கம் மாற்றிக் கட்டியிருக்கிறோம், சுற்றி நடக்க இடம் கிடைத்தது. கடையில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் கிட்டங்கிக்குப் போகும் வேலைகளைப் பையனிடம் கொடுக்காமல் நானே வைத்துக்கொள்கிறேன். இரண்டு மாடி, போய்வந்தால் பத்து நிமிடம் ஆகிறது. காலை டிபனுக்குப் பின் பஸ்ஸுக்கு ஒரு நிறுத்தம் தள்ளிப் போய் ஏறுகிறேன்.

செவிலி அக்கா, மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. வெறும் வயிற்றில் போக வேண்டுமா? மனைவிக்கும் அதே பரிசோதனை போதுமா?

செவிலி

ஹெச்பிஏ1சிக்கு மட்டும் என்றால் வெறும் வயிறு தேவையில்லை தம்பி. அது சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, அதனால் மூன்று மாதத்துக்கு முன் அவசரப்பட்டு எடுத்துப் பணத்தை வீணாக்காதீர்கள். முடிந்தால் அதே ஆய்வகத்தில் எடுங்கள். மனைவிக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம் பெண்களில் பலருக்கு ரத்தசோகை உண்டு. அது இருந்தால் ஹெச்பிஏ1சி உண்மை அளவைவிடக் கூடியோ குறைந்தோ காட்டலாம். அப்படியானால் வெறும் வயிற்றுச் சர்க்கரையும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரையும் எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு முந்தைய இரவு எட்டு மணி நேரமாவது எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆய்வகம் காலையில் சீக்கிரம் மூடிவிடும், ஏழு மணிக்கே போய்விடுங்கள்.